மாத்திரை அட்டையில சோடியமா, ஹைட்ரோகுளோரைடா: நைட்ரஜன் எப்போ ஆசிட் ஆகுது?

வீட்டுல கிடக்கற மாத்திரை அட்டைங்கள எடுத்து பேரை மட்டும் வரிசையா படிச்சுப் பாருங்க. சுகர் மாத்திரைல மெட்ஃபார்மின் ஹைட்ரோகுளோரைடுன்னு இருக்கும். பிரஷர் மாத்திரைல லோசார்ட்டான் பொட்டாசியம். கேஸ் ட்ரபுளுக்கு காலைல வெறும் வயித்துல போடறதுல பான்டோபிரசோல் சோடியம். வலிப்புக்குக் குடுக்கறதுல ஃபெனிட்டாயின் சோடியம். காய்ச்சல் மாத்திரைல வெறும் பாராசிட்டமால், பேருக்குப் பின்னாடி வால் எதுவும் கிடையாது. அஞ்சுமே நைட்ரஜன் இருக்கற ஆர்கானிக் காம்பவுண்டுதான்.

ஸ்கூல்ல நமக்குச் சொல்லிக் குடுத்தது என்னன்னா நைட்ரஜன்னா அமீன், அமீன்னா பேஸ், அதாவது காரம், ஆசிட் ஊத்தினா உப்பாகும். மெட்ஃபார்மினுக்கு அது கச்சிதமா பொருந்துது, ஹைட்ரோகுளோரிக் ஆசிடோட சேர்ந்து ஹைட்ரோகுளோரைடு ஆயிடுச்சு. ஆனா சோடியம், பொட்டாசியம் உப்பு வரணும்னா அந்த மருந்து ஆசிடா இருந்தாகணுமே. லோசார்ட்டான், பான்டோபிரசோல், ஃபெனிட்டாயின் மூணுலயும், ஆர்கானிக் ஆசிட்ல வழக்கமா ஹைட்ரஜனைக் குடுக்கற கார்பாக்சிலிக் ஆசிட் குரூப்னு ஒன்னு கிடையவே கிடையாது. அங்க ஹைட்ரஜனை விட்டுக் குடுக்கறது நைட்ரஜனேதான். பேஸ்னு பேர் வாங்கின அதே நைட்ரஜன் எப்படி ஆசிட் வேலை பாக்குது, அதுவும் சில இடத்துல வினிகர் அளவுக்கு, சில இடத்துல அதைவிட நூறு மடங்குக்கு மேல, இதான் விஷயம்.

பிகேஏ: ஒரு நம்பர், ரெண்டு அர்த்தம்

ஒரு மாலிக்யூல் தன்னோட ஹெச்சை, அதாவது ஹைட்ரஜனை, ப்ளஸ் சார்ஜ் உள்ள ப்ரோட்டானா எவ்வளவு சுலபமா கழட்டி விடுதுன்னு சொல்ற நம்பர்தான் பிகேஏ. நம்பர் குறைய குறைய ஆசிட் ஸ்ட்ராங். ஒவ்வொரு 1 குறையறப்பவும் ஆசிட் பலம் 10 மடங்கு ஏறும், அதனால 10-க்கும் 5-க்கும் வித்தியாசம் அஞ்சு இல்ல, ஒரு லட்சம் மடங்கு. இன்னொன்னு, சுத்தி இருக்கற தண்ணியோட பிஹெச்சும் பிகேஏவும் சமமா இருந்தா பாதி மாலிக்யூல் ஹெச்சோட இருக்கும், பாதி ஹெச் இல்லாம இருக்கும். பிஹெச் அதைவிட 1 கூடினா ஹெச் போனது பத்துக்கு ஒன்னுங்கற கணக்குல ஜாஸ்தி ஆயிடும். இந்த ஒரு கணக்கை வச்சே கீழ வர்ற பாதி விஷயம் ஓடும்.

இப்போ பெரிய குழப்பத்துக்கு வருவோம். நெட்ல அனிலினோட பிகேஏ தேடினா 4.6-ன்னு வரும். வினிகர்ல இருக்கற அசிட்டிக் ஆசிடுக்கு 4.76. அப்போ அனிலின் வினிகரை விட ஸ்ட்ராங் ஆசிடான்னு கேட்டா, இல்லவே இல்ல. அந்த 4.6 அனிலினோட நம்பரே இல்ல, அனிலின் ஏற்கனவே ஒரு ஹெச்சை எக்ஸ்ட்ராவா வாங்கி ப்ளஸ் சார்ஜ் ஆன அனிலினியத்தோட நம்பர். அந்த எக்ஸ்ட்ரா ஹெச்சை அது எவ்வளவு சுலபமா திருப்பிக் குடுக்கும்னுதான் 4.6 சொல்லுது, அதாவது சுத்தி வளைச்சு அனிலின் எவ்வளவு வீக்கான பேஸ்னு சொல்லுது. சார்ஜ் இல்லாத அனிலின் தன்னோட சொந்த ஹெச்சை விட்டுக் குடுக்கறதுக்கான நம்பர் தனியா இருக்கு, டிஎம்எஸ்ஓங்கற கரைப்பான்ல அளந்தா 30.6. ஒரே மாலிக்யூலுக்கு ரெண்டு நம்பர், நடுவுல 26 படி இடைவெளி, ஆனா டேபிள்ல ரெண்டையும் ஒரே தலைப்புல போட்டு வச்சிருப்பாங்க. பசங்க குழம்பறதுக்குப் பசங்களைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல, டேபிள் போட்டவங்களைத்தான் கேட்கணும்.

அதனால ஒரு நைட்ரஜன் காம்பவுண்டுக்கு பிகேஏ பாக்கறப்போ முதல்ல கேட்க வேண்டியது, இது வாங்கின ஹெச்சுக்கான நம்பரா, சொந்த ஹெச்சுக்கான நம்பரான்னுதான். ஹைட்ரோகுளோரைடு வால் முதல் வகை, சோடியம் வால் ரெண்டாவது வகை.

கரைப்பான் பத்தி ஏன் சொன்னேன்னா, தண்ணியை விட ரொம்ப வீக்கான ஆசிடைத் தண்ணிக்குள்ள வச்சு அளக்கவே முடியாது, பேஸைப் போட்டா அது முதல்ல தண்ணிகிட்ட இருந்துதான் ஹெச்சைப் புடுங்கும். அதனால அந்த மாதிரி காம்பவுண்டை டிஎம்எஸ்ஓல அளப்பாங்க. டிஎம்எஸ்ஓ நம்பரையும் தண்ணி நம்பரையும் பக்கத்துல வச்சு ஒப்பிடக்கூடாது, அசிட்டிக் ஆசிடே அங்க 12-க்கு மேல போயிடும். கீழ எது எந்தக் கரைப்பான்னு சொல்லிட்டே போறேன்.

ஹெச் போனதுக்கப்புறம் என்ன ஆகுதுன்னு பாருங்க

நைட்ரஜன் ஹெச்சை ப்ரோட்டானா கழட்டி விடறப்போ அந்த பாண்டோட ரெண்டு எலக்ட்ரானும் நைட்ரஜன்கிட்டயே தங்கிடும், நைட்ரஜன் மேல ஒரு மைனஸ் சார்ஜ் உக்காரும். அந்த மைனஸை வச்சுக்கிட்டு நிம்மதியா இருக்க முடிஞ்சா ஹெச் சுலபமா போகும், முடியலைனா போகாது. ஹெச் இருக்கறப்போ மாலிக்யூல் எப்படி இருக்குங்கறதை விட, போனதுக்கப்புறம் எப்படி இருக்குங்கறதுதான் முக்கியம். அமோனியாவுக்கு டிஎம்எஸ்ஓல 41, ஏன்னா அந்த மைனஸை பங்கு போட்டுக்க அங்க ஆளே இல்ல. பங்காளி வர வர நம்பர் இறங்கும். யார் யார் பங்காளின்னு பாப்போம்.

1. பென்சீன் ரிங். நைட்ரஜனுக்குப் பக்கத்துல ரிங் இருந்தா அந்த எலக்ட்ரான் ஜோடி ரிங்குக்குள்ள பரவிக்கும், இதைத்தான் ரெசொனன்ஸ்ங்கறோம். அமோனியா 41, ஒரு ரிங் ஒட்டினா அனிலின் 30.6, ரெண்டு ரிங் ஒட்டினா டைஃபினைல் அமீன் 25. அனிலின்ல நைட்ரஜனுக்கு நேர் எதிர்ல ஒரு நைட்ரோ குரூப் வச்சா 21 பக்கம் இறங்கிடும், மைனஸ் ரிங் வழியா போய் நைட்ரோவோட ஆக்ஸிஜன் மேல உக்கார முடியுதுல்ல. எல்லாம் டிஎம்எஸ்ஓ நம்பர். இவ்வளவு இறங்கியும் நடைமுறைல இது எதுவும் ஆசிட் இல்ல, காஸ்டிக் சோடா கரைசல்ல அனிலின் பாட்டுக்கு எண்ணெய் மாதிரி தனியா நிக்கும்.

2. கார்பனைல். கார்பன்-ஆக்ஸிஜன் டபுள் பாண்ட் பக்கத்துல இருந்தா ரிங்கை விட நல்ல பங்காளி, ஏன்னா மைனஸ் போய் உக்காரற இடம் ஆக்ஸிஜன், அதுக்கு எலக்ட்ரான்னா உயிர். ஒரு கார்பனைல் இருந்தா அது அமைடு, அசிட்டமைடுக்கு டிஎம்எஸ்ஓல 25.5, தண்ணில 15-க்கு மேல. இன்னும் தண்ணி அளவுக்குத்தான் ஆசிட். ஆனா ரெண்டு பக்கமும் கார்பனைல் இருந்தா ஆட்டமே மாறிடும், அதுக்கு இமைடுன்னு பேரு. சக்சினிமைடு 9.6, தாலிமைடு 8.3, ரெண்டும் தண்ணில. அமீன் தயாரிக்கறதுக்குக் காலேஜ்ல படிக்கற கேப்ரியல் சிந்தசிஸ் 1887-ல வந்தது, அதுல தாலிமைடை சாதாரண பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வச்சே பொட்டாசியம் உப்பாக்க முடியுதுன்னா இந்த 8.3-தான் காரணம். ஃபெனிட்டாயின்லயும் இதே கதை, ஒரு நைட்ரஜன் ரெண்டு கார்பனைலுக்கு நடுவுல மாட்டியிருக்கு, பிகேஏ 8.3 பக்கம், அதனால சோடியம் உப்பு. இன்னொரு வலிப்பு மருந்தான ஃபீனோபார்பிட்டாலுக்கு 7.4, ரத்தத்தோட பிஹெச்சும் 7.4, அதனால ரத்தத்துல அது சரியா பாதிப் பாதி. இந்த மருந்தை அளவுக்கு மீறி முழுங்கிட்டு வர்றவங்களுக்கு சோடியம் பைகார்பனேட் ஏத்தி யூரினோட பிஹெச்சைக் கூட்டுவாங்க, கூட்டினா மருந்து மைனஸ் சார்ஜோட யூரின்லயே மாட்டிக்கும், கிட்னி அதைத் திரும்ப உள்ள இழுக்காது.

3. சல்ஃபோனைல். ரெண்டு ஆக்ஸிஜனை டபுள் பாண்ட்ல வச்சிருக்கற சல்ஃபர், எலக்ட்ரானை இழுக்கறதுல கார்பனைலை விட முரட்டு ஆள். இது ஒன்னு பக்கத்துல இருந்தாலே பென்சீன்சல்ஃபோனமைடுக்குத் தண்ணில 10 பக்கம் வந்துடும், ஒரு கார்பனைல் மட்டும் இருக்கற அமைடை விட ஒரு லட்சம் மடங்கு பலம். அமீனை வகை பிரிக்கறதுக்குப் படிக்கற ஹின்ஸ்பெர்க் டெஸ்ட் முழுசும் இதை வச்சுத்தான். நைட்ரஜன்ல ரெண்டு ஹெச் இருக்கற பிரைமரி அமீன்ல சல்ஃபோனைலை மாட்டினா வர்ற சல்ஃபோனமைடுல ஒரு ஹெச் மிச்சம் இருக்கும், அது ஆசிட், காரத்துல கரையும். ஒரே ஹெச் இருக்கற செகண்டரில இருந்து வர்றதுல ஹெச்சே மிச்சம் இல்ல, கரையாது. மனப்பாடம் பண்ண வேண்டிய அவசியமே கிடையாது.

ஒரு பக்கம் கார்பனைல், இன்னொரு பக்கம் சல்ஃபோனைல் ரெண்டும் சேர்ந்தா? சாக்கரின். சர்க்கரைக்குப் பதில் போடற இனிப்பு அது, பிகேஏ 2-ஐ ஒட்டி, வினிகரை விட நூறு மடங்குக்கு மேல ஸ்ட்ராங், ஹெச் குடுக்கறது நைட்ரஜன். 1879-ல அமெரிக்காவோட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் யுனிவர்சிட்டில ஃபால்பெர்க்ங்கற கெமிஸ்ட் கையைச் சரியா கழுவாம சாப்பிட உக்காந்து ரொட்டி இனிக்குதேன்னு கண்டுபிடிச்ச அதே சாக்கரின்தான். ஆசிடா அது தண்ணில லேசுல கரையாது, அதனால சோடியம் உப்பாத்தான் பெரும்பாலும் விக்கறாங்க.

4. ரிங்குக்குள்ள எத்தனை நைட்ரஜன். இதுதான் எனக்குத் தெரிஞ்சு இருக்கறதுலயே அழகான வரிசை. அஞ்சு மூலை ரிங்கை எடுத்துக்கங்க. ஒரு மூலைல மட்டும் நைட்ரஜன் இருந்தா பிர்ரோல், பிகேஏ 17. இன்னொரு மூலைலயும் கார்பனுக்குப் பதில் நைட்ரஜன் வச்சா இமிடசோல், 14.5. மூணு வச்சா ட்ரையசோல், நைட்ரஜன் எந்தெந்த மூலைங்கறதைப் பொறுத்து 9-லேருந்து 10 பக்கம். நாலு வச்சா டெட்ரசோல், 4.9. எல்லாம் தண்ணில. கார்பனைலும் இல்ல, சல்ஃபோனைலும் இல்ல, வெறும் நைட்ரஜனை அடுக்கியே வினிகர் கிட்ட வந்தாச்சு. ஒவ்வொரு புது நைட்ரஜனும் கார்பனை விட எலக்ட்ரானை அதிகமா இழுக்கும், அதோட மைனஸைப் பங்கு போடவும் செய்யும். இமிடசோல்ல ஹெச் போனதும் ரெண்டு நைட்ரஜனும் அச்சு அசலா ஒன்னாயிடும், மைனஸ் பாதிப் பாதி.

லோசார்ட்டான் பொட்டாசியத்துக்கு விடை இங்கதான் இருக்கு. அதை உருவாக்கினப்போ முந்தின மாலிக்யூல்ல கார்பாக்சிலிக் ஆசிட் இருந்துது, அந்த இடத்துல டெட்ரசோலை வச்சாங்க, ஆசிட் பலம் கிட்டத்தட்ட அதேதான் ஆனா மருந்தோட வீரியம் கூடிடுச்சு. 1995-ல அமெரிக்கால அனுமதி ஆச்சு. அட்டைல இருக்கற பொட்டாசியம் அந்த டெட்ரசோல் நைட்ரஜனோட ஹெச் போன இடத்துக்கு வந்தது.

5. எலக்ட்ரான் ஜோடி இருக்கற ஆர்பிட்டால். ஆர்பிட்டால்னா எலக்ட்ரான் தங்கற வீடு, இது பேஸ் பக்கத்து நம்பருக்குத்தான் அதிகம் உதவும். எஸ் குணம் கூடின ஆர்பிட்டால்ல எலக்ட்ரான் நியூக்ளியஸுக்கு நெருக்கமா இருக்கும், ப்ளஸ் வந்து கேட்டா சீக்கிரம் குடுக்காது. சாதாரண அமீன் ஹெச் வாங்கினா 10.6 பக்கம், ஆறு மூலை ரிங்குக்குள்ள நைட்ரஜன் இருக்கற பிரிடின் 5.2, கார்பனோட ட்ரிபிள் பாண்ட்ல நைட்ரஜன் இருக்கற நைட்ரைல் மைனஸ் 10. மூணுலயும் நைட்ரஜன்தான், ஜோடி உக்காந்திருக்கற வீடு வேற.

பாராசிட்டமாலுக்கு ஏன் வால் இல்லன்னு இப்போ புரியும். அதோட நைட்ரஜன் ஒரு கார்பனைலுக்குப் பக்கத்துல இருக்கற அமைடு. ஜோடியைக் கார்பனைல் இழுத்து வச்சிருக்கறதால பேஸா இருக்க வழியில்ல, ஆசிடா இருக்க ஒரு கார்பனைல் பத்தாது. அதுல இருக்கற ஃபீனால் ஹெச்சுக்கு 9.5 பக்கம், உப்பாக்கி வச்சுக்கற அளவுக்கு அதுவும் இல்ல.

சல்ஃபா மருந்தோட கதை: 10.4-லேருந்து 5.4

மாலிக்யூல் அமைப்பு ஆசிட் பலத்தை மாத்தினா நிஜ வாழ்க்கைல என்ன ஆகும்ங்கறதுக்கு, பாக்டீரியா தொத்துக்குக் குடுக்கற சல்ஃபா மருந்தை விட நல்ல உதாரணம் கிடையாது. ஜெர்மனில டோமாக்ங்கற டாக்டர் 1932-ல பிரான்டோசில்ங்கற சிவப்புச் சாயத்தை பாக்டீரியா தொத்தின எலிங்களுக்குக் குடுத்துப் பாத்து அதுங்க பிழைக்குதுன்னு கண்டாரு, 1935-ல வெளியிட்டாரு, 1939-ல நோபல் பரிசு. அதே 1935-ல பாரிஸ் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்காரங்க வேலை செய்யறது சாயம் இல்ல, உடம்புக்குள்ள போய் அது உடைஞ்சு வர்ற சல்ஃபனிலமைடுதான்னு காமிச்சாங்க.

சல்ஃபனிலமைடு சின்ன மாலிக்யூல், ஒரு பென்சீன் ரிங், ரெண்டு முனைலயும் நைட்ரஜன். ஒரு முனை அனிலின் மாதிரி, வீக்கான பேஸ். இன்னொரு முனை சல்ஃபோனமைடு, வீக்கான ஆசிட், பிகேஏ 10.4. ஒரே மாலிக்யூல்ல ரெண்டு நைட்ரஜனும் எதிர் எதிர் வேலை பாக்குது. பிரச்சனை என்னன்னா நடுநிலைத் தண்ணில ரெண்டு முனையும் சார்ஜ் ஆகாது, சார்ஜ் இல்லைனா சரியா கரையாது. சோடியம் உப்பாக்கிக் கரைச்சாலோ தண்ணி கடுங்காரம் ஆயிடும், யாரும் குடிக்க முடியாது.

1937-ல அமெரிக்கால ஒரு கம்பெனி இதைக் குழந்தைங்களுக்கு சிரப்பா விக்கணும்னு ஆசைப்பட்டு, தண்ணில கரையலைன்னு டைஎத்திலீன் கிளைக்கால்ல கரைச்சு வித்தாங்க. அது கிட்னியைக் கொல்ற விஷம். நூறு பேருக்கு மேல செத்தாங்க, பல பேர் குழந்தைங்க, அதுக்கப்புறம்தான் 1938-ல மருந்தை விக்கறதுக்கு முன்னாடி பாதுகாப்பைக் காமிக்கணும்னு அங்க சட்டமே வந்தது. அதே டைஎத்திலீன் கிளைக்கால் 2025-ல காஞ்சிபுரம் மாவட்டத்துல தயாரான இருமல் சிரப்ல கலந்திருந்து, மத்தியப் பிரதேசத்துல குழந்தைங்க செத்தது இன்னும் யாருக்கும் மறந்திருக்காது. காரணம் வேற, அங்க கரையாமை பிரச்சனை இல்ல, ஆனா கெமிக்கல் அதேதான், 88 வருஷம் கழிச்சும்.

சரி, கரையாமைக்கு என்ன வழி? சல்ஃபோனமைடு நைட்ரஜன்ல இருக்கற ரெண்டு ஹெச்சுல ஒன்னை எடுத்துட்டு, எலக்ட்ரானை இழுக்கற ஏதாவது ஒன்னை மாட்டினா மிச்சம் இருக்கற ஹெச் லூசாயிடும். இது தான் கெமிஸ்ட்ங்க பண்ணது, எதை மாட்டினாங்கங்கறதைப் பொறுத்து நம்பர் மாறுது:

1. பிரிமிடின் ரிங்கை மாட்டினா சல்ஃபாடையசின், 6.5.
2. மீதைல் ஐசாக்சசோல் ரிங்கை மாட்டினா சல்ஃபாமெத்தாக்சசோல், 5.6 பக்கம். இன்னிக்கும் ட்ரைமெத்தோபிரிமோட சேத்து கோ-ட்ரைமாக்சசோல்னு விக்கறது.
3. அசிட்டைல் குரூப்பை மாட்டினா சல்ஃபாசிட்டமைடு, 5.4. ஒரு பக்கம் சல்ஃபோனைல் ஒரு பக்கம் கார்பனைல், சாக்கரின் லாஜிக்கேதான். இதோட சோடியம் உப்பு கிட்டத்தட்ட நடுநிலை பிஹெச்லயே நல்லா கரையும், அதனாலதான் கண்ணுல விடற சொட்டு மருந்தா ஆக முடிஞ்சுது. 10.4-ஓட சோடியம் உப்பைக் கண்ணுல விட்டா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க.

கரையறது மட்டும் இல்ல, பாக்டீரியாவைத் தடுக்கற பலமும் சேர்ந்தே மாறிச்சு. 1942-ல பெல், ராப்ளின்னு ரெண்டு பேர் வரிசையா சல்ஃபா மருந்துங்களோட பிகேஏவையும் வீரியத்தையும் வச்சு கிராஃப் போட்டாங்க. பிகேஏ இறங்க இறங்க வீரியம் ஏறுது, 6, 7 பக்கம் வந்து உச்சம் தொடுது, அதுக்குக் கீழ போனா திரும்ப இறங்குது. பாக்டீரியா ஃபோலிக் ஆசிட் செய்ய பாராஅமினோபென்சாயிக் ஆசிட்னு ஒன்னை எடுத்துக்கும், அது மைனஸ் சார்ஜோட இருக்கற மாலிக்யூல். சல்ஃபா அதோட வேஷம் போட்டுப் போய் என்சைம்ல உக்காருது, வேஷம் பொருந்த மைனஸ் வேணும். ஆனா முழுக்க மைனஸா இருந்தா பாக்டீரியாவோட தோலைத் தாண்டி உள்ளயே போக முடியாது, தாண்டறதுக்கு சார்ஜ் இல்லாத வடிவம் வேணும். ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கற நடு இடம்தான் உச்சம்.

பக்க விளைவும் இதே நம்பர்ல இருந்துதான். சல்ஃபாடையசின் 6.5, யூரின் பிஹெச் 5.5-ன்னு வச்சுக்கங்க, பதினொன்னுல பத்து மாலிக்யூல் சார்ஜ் இல்லாம இருக்கும், கரையாது, கிட்னில கிறிஸ்டலா படியும். யூரினை 7.5-க்குக் கொண்டு போனா கணக்கு அப்படியே தலைகீழ், பதினொன்னுல பத்து சார்ஜோட. நிறைய தண்ணி குடிங்க, கூட சோடா உப்பு குடுக்கறோம்னு அந்தக் காலத்து டாக்டருங்க சொன்னது இதுக்குத்தான்.

யூரிக் ஆசிட்ல ஆசிட் எங்க இருக்கு

டெஸ்ட் ரிப்போர்ட்ல யூரிக் ஆசிட் ஜாஸ்தின்னு வந்தா எல்லாரும் பருப்பை நிறுத்தறாங்க, கறியை நிறுத்தறாங்க, ஆனா அந்த ஆசிட் எங்க இருக்குன்னு யாரும் கேக்கறதில்ல. 1776-லயே ஷீலேங்கற கெமிஸ்ட் கிட்னிக் கல்லுல இருந்து பிரிச்சு எடுத்த பொருள் இது. கார்பாக்சிலிக் ஆசிட் குரூப் ஒன்னுகூட இல்ல, இருக்கறது எல்லாம் கார்பனைலுக்கு நடுவுலயும் ரிங்குக்குள்ளயும் மாட்டின நைட்ரஜன்தான், அதுல ஒன்னோட ஹெச் 5.4-ல போயிடும். மேல சொன்ன ரெண்டாவது பங்காளியும் நாலாவது பங்காளியும் சேர்ந்து பண்ற வேலை.

ரத்தத்துல பிஹெச் 7.4, அதனால அங்க 99 சதவீதம் மைனஸா, யூரேட்டா இருக்கு. கால் கட்டை விரல்ல கௌட்ங்கற மூட்டு வீக்கம் வர்றப்போ ஊசி மாதிரி படியறது சோடியம் யூரேட் உப்பு. யூரின்ல பிஹெச் 5.5-க்குக் கீழ போனா பாதிக்குப் பாதி ஹெச்சோட திரும்பி வந்துடும், அங்க படியறது யூரிக் ஆசிடேதான், உப்பு இல்ல. ஒரே பொருள், மூட்டுல ஒரு வடிவம், கிட்னில இன்னொரு வடிவம். அதனாலதான் யூரிக் ஆசிட் கல்லுக்கு பொட்டாசியம் சிட்ரேட் குடுத்து யூரின் பிஹெச்சைக் கூட்டறாங்க, கல்லே கரைய ஆரம்பிக்கும். கால்சியம் ஆக்சலேட் கல்லு இப்படிக் கரையாது.

பான்டோபிரசோல்: ஒரு கையில ஆசிட், ஒரு கையில பேஸ்

இந்த மாத்திரையை இந்தியால எல்லாரும் தண்ணி மாதிரி போடறாங்க, ஆனா இதோட டிசைன் கெமிஸ்ட்ரி படிச்சவங்களுக்கு விருந்து. மாலிக்யூல்ல ரெண்டு பாதி. ஒரு பாதி பென்சிமிடசோல், அதாவது பென்சீன் ஒட்டின இமிடசோல். இமிடசோலுக்கு 14.5, பென்சீன் ஒட்டினா 12.8, அதுக்குப் பக்கத்துலயே எலக்ட்ரான் இழுக்கற சல்ஃபினைல் குரூப்பும், அதாவது ஒரே ஒரு ஆக்ஸிஜன் வச்சிருக்கற சல்ஃபரும், வந்ததால 8 பக்கம் இறங்கிடுது. சோடியம் உப்பு வர்றது இந்த ஹெச் போன இடத்துல. எசோமெப்ரசோல் மெக்னீசியம்னு அட்டைல பாத்திருப்பீங்க, அங்கயும் இதே நைட்ரஜன்தான், மெட்டல்தான் வேற.

இன்னொரு பாதி பிரிடின், அது பேஸ், ஹெச் வாங்கின வடிவத்துக்கு பிகேஏ 4-ஐ ஒட்டி. ரத்தத்துல 7.4-ல இது சார்ஜே ஆகாது, சுதந்திரமா செல்லுங்களைத் தாண்டித் தாண்டிப் போகும். வயித்துல ஆசிட் சுரக்கற செல்லோட உள்வாய்க்கால்ல பிஹெச் 1 பக்கம், உடம்புல வேற எங்கயும் இவ்வளவு ஆசிட் கிடையாது. அங்க போனதும் பிரிடின் ஹெச் வாங்கி ப்ளஸ் ஆயிடும், ப்ளஸ் ஆனதும் திரும்ப வெளிய வர முடியாது, எலிப்பொறி மாதிரி மாட்டிக்கும். அப்புறம் அதே ஆசிட் மாலிக்யூலை வளைச்சு உருமாத்தி, ஆசிட் பம்போட சிஸ்டீன்ல போய் நிரந்தரமா ஒட்ட வைக்குது. எந்த ஆசிடைத் தடுக்கணுமோ அந்த ஆசிடே மருந்தை எழுப்பி விடுது.

இதே காரணத்தால மருந்து வயித்துக் குழில நேரா ஆசிட்ல பட்டா பாதி வழிலயே உருமாறி வீணாப் போகும், அதான் வயித்துல கரையாத கோட்டிங் போடறாங்க, மாத்திரையை உடைச்சோ நொறுக்கியோ போடாதீங்கங்கறது அதுக்குத்தான். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி போடச் சொல்றதும் பம்ப் ஓடறப்போதான் மருந்து பிடிக்கும்ங்கறதால.

பேஸ் பக்கம், சுருக்கமா

மெட்ஃபார்மின்ல ஹெச் வாங்கினா அந்த ப்ளஸ் அஞ்சு நைட்ரஜன் மேலயும் பரவுது, அதனால பிகேஏ 12-க்கு மேல. 7.4-ல லட்சத்துல ஒன்னு ரெண்டு மாலிக்யூல்தான் சார்ஜ் இல்லாம இருக்கும், அது உடம்புக்குள்ள இருக்கற நேரம் பூரா ப்ளஸாவே சுத்துது. பங்கு போடறது மைனஸுக்கு மட்டும் இல்ல, ப்ளஸுக்கும் அதே நியாயம்தான்.

பல் டாக்டர் போடற லிக்னோகெய்ன் ஊசிக்கு 7.9. சாதாரண திசுல 7.4, கால்வாசி சார்ஜ் இல்லாம இருக்கும், அந்தக் கால்வாசிதான் நரம்புத் தோலைத் தாண்டி உள்ள போகும். சீழ் கட்டின இடத்துல பிஹெச் இறங்கி 6.9-ன்னு ஆனா அது பத்துல ஒன்னுக்குக் கீழ போயிடும். சீழ் வச்ச பல்லுக்கு மரத்துப்போற ஊசி சரியா பிடிக்கலைங்கறதுக்குப் பொதுவா சொல்ற விளக்கங்கள்ல இது ஒன்னு.

ஏமாறக்கூடிய இடங்கள்

டைக்ளோஃபினாக் சோடியத்துல நைட்ரஜன்-ஹெச் இருக்கு, சோடியமும் இருக்கு, ஆனா ரெண்டுக்கும் சம்பந்தமில்ல. அந்த நைட்ரஜன் டைஃபினைல் அமீன் வகை, தண்ணில ஆசிடே இல்ல. சோடியம் வந்தது அதே மாலிக்யூல்ல இன்னொரு மூலைல இருக்கற கார்பாக்சிலிக் ஆசிட்ல இருந்து. சோடியம்னு பாத்ததும் நைட்ரஜன் ஆசிட்னு முடிவு கட்டிடக் கூடாது.

ஃபெனிட்டாயின் சோடியம் ஊசி இன்னொன்னு. 8.3-ங்கறது வீக்கான ஆசிட், அதோட உப்பைக் கரைசலாவே வைக்கணும்னா பிஹெச் 12 பக்கம் வச்சாகணும், அதனாலதான் அந்த ஊசி போடற ரத்தக் குழாய் எரியும், கசிஞ்சா தோலைப் புண்ணாக்கும். குளுக்கோஸ் டிரிப் லேசா ஆசிட், அதுல கலந்தா நைட்ரஜன் ஹெச்சைத் திரும்ப வாங்கிக்கிட்டு மருந்து வெள்ளையா படிஞ்சிடும். வார்டுல நர்ஸுங்க இதை நார்மல் சலைன்ல மட்டும் போடுவாங்க, குளுக்கோஸ்ல போட மாட்டாங்க.

கடைசியா ஆஸ்துமாவுக்குக் குடுக்கற அமினோஃபிலின். காபில இருக்கற கேஃபினும் தியோஃபிலினும் கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைங்க, ஒரு மீதைல்தான் வித்தியாசம். கேஃபின்ல எல்லா நைட்ரஜன்லயும் ஹெச்சுக்குப் பதில் மீதைலோ ரிங்கோ வந்துடுச்சு, குடுக்க ஹெச்சே இல்ல, அதனால ஆசிட் இல்ல. தியோஃபிலின்ல ஒரு நைட்ரஜன்ல ஹெச் மிச்சம் இருக்கு, 8.8 பக்கம். அது தண்ணில சரியா கரையாததால ஊசியாப் போட உப்பாக்கணும், அங்க சோடியம் சேக்கல, எத்திலீன் டைஅமீன்னு ஒரு அமீனைச் சேத்தாங்க. ரெண்டு தியோஃபிலினுக்கு ஒரு டைஅமீன், அதுதான் அமினோஃபிலின். ஹெச்சைக் குடுக்கறதும் நைட்ரஜன், வாங்கிக்கறதும் நைட்ரஜன், ஒரே பாட்டில்ல.